செவ்வாய்க்கிழமை எடை

செவ்வாய்தோறும் ஒன்பது குட்டிகளைத்
தராசில் நிறுத்துவது என் வேலை.
குட்டி மூச்சு விட்டாலும் எண்கள் நடுங்கும்.
நடுக்கம் நிற்கிற ஒரு நொடியில்
எழுதிவிட வேண்டும்.

பெயர் வைக்காதே, ஒதிலியா, எண் போதும்
என்றார் டாக்டர் எச்செவெரி.
ஒன்று முதல் ஒன்பது.
எல்லாம் புலிவரிச் சிமரோன்கள்,
மாடு மடக்கவும்
காட்டுப்பன்றியின் காதைக் கவ்வவும் பிறந்த சாதி.

அலமாரியில் இரண்டு டப்பாக்கள்.
நீல மூடி, மஞ்சள் மூடி.
ஒன்றில் கால்சியம், மீனெண்ணெய்த் தூள், பால்புரதம்.
மற்றதில் வாசனை ஏற்றிய
வெறும் மரவள்ளி மாவு.
எதில் எது என்று எனக்குச் சொல்லவில்லை.
தெரிந்தால் கை சாய்ந்துவிடுமாம்.

ஆறாம் வாரமே முடிவு கட்டிவிட்டேன்:
மஞ்சள்தான் சத்து.
மஞ்சள் தின்ற குட்டிகளின் ரோமம்
மழை விட்ட தார்ச்சாலை போல மின்னியது.
நீலக் குட்டிகளைக்
கொஞ்சம் பரிதாபத்தோடு தடவிக்கொடுத்தேன்.

சனிக்கிழமைகளில் பல்தசார் வருவான்,
தாய் நாய்க்குச் சொந்தக்காரன்.
குதிரையிலிருந்து இறங்கி நடந்தாலும்
குதிரை மேலேயே இருப்பது போலிருக்கும்;
அவன் முழங்கால்களுக்கு நடுவே
ஒரு பீப்பாயை உருட்டலாம்.
வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கி
மாத்தே உறிஞ்சியபடி
நாலாம் எண்ணின் கூண்டருகே குந்துவான்.
"இவன் அப்பனை மிஞ்சுவான், பார்."

நாலு மிஞ்சியது.
பன்னிரண்டாம் வாரம் இரண்டு கிலோ கூடுதல்.
வரைபடத்தில் எட்டுக் கோடுகள் மேடேற
அது மட்டும் ஏணி போட்டு ஏறியது.
டாக்டரின் புருவம் சுளித்தது.
எனக்கோ நானே பெற்ற பெருமை.

பதினாலாம் வாரம்
அதன் முன்னங்கால்கள் வில்லாயின.
பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி
ஆளுக்கொரு திசையில் வழி கேட்டன.

மயக்க ஊசி போட்டு ஸ்கேனில் படுக்க வைத்தோம்.
திரையில்
எலும்பு வெள்ளை, தசை சாம்பல்,
கொழுப்பு, பனிமூட்டம்.
இருப்பதிலேயே சின்னது ஏழு.
அதன் தோலுக்கடியில் முறுக்கிய கயிறாய்த் தசை.
நாலின் கூடுதல் இரண்டு கிலோவிலோ
முக்கால்வாசி பனிமூட்டம்.
தராசு இத்தனை நாளும் பொய் சொல்லவில்லை.
நான்தான் அதனிடம்
ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பல்தசார்
கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து
மேசையில் வைத்தான்.
மாட்டெலும்பைச் சுட்டு இடித்து
பன்றிக்கொழுப்பில் குழைத்த உருண்டைகள்.
இராக் காவலாளிக்குக் காசு கொடுத்து
தினம் இரண்டு, நாலுக்கு மட்டும்.

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன்.
"எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள்.
கறந்த பாலெல்லாம் விற்பதற்கு.
நாலு வயதுவரை எனக்கு நடக்க வரவில்லை."
சொல்லிவிட்டு மாத்தே குழலை
நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

உறையைப் பிரித்தார்கள்.
மஞ்சள் மூடி: மரவள்ளி மாவு.
நீலத்துக்கும் மஞ்சளுக்கும்
எடையில் வித்தியாசமில்லை, தசையிலும் இல்லை.
அந்த மினுமினுப்பு
என் கண்ணில் மட்டும் இருந்திருக்கிறது.
எட்டுக் குட்டிகளை வைத்து
எதையும் அடித்துச் சொல்லக்கூடாது
என்றார் டாக்டர், அதையே இரண்டு முறை.

படிவத்தில் நாலாம் வரியை அடித்தேன்.
விலக்கியதன் காரணம் எழுத ஒரு கட்டம்,
மூன்று சொல்லுக்குத்தான் இடம்.
"கணக்கில் வராத உணவு" என்று எழுதினேன்.

அடுத்த செவ்வாய் எடை போட எட்டு.
தக்குவரெம்போ காற்றில் தகரக்கூரை தடதடக்கிறது.
ஒன்பதாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டான் பல்தசார்.
ஜன்னல் வழியே தெரிகிறது,
முற்றத்துச் சரளையில் இருவரும்
மெதுவாக நடக்கிறார்கள்.
ஆறு கால்கள்.
வளைந்தவை நான்கு.