பாதத்தைப் புரட்டி வைத்து

சீலா என்று பெயர் வைத்தது கஸ்பார்தான்.
குட்டியிலேயே சீலா மீன் மாதிரி நீண்டு,
கூடையில் கிடந்ததைக் கவ்விக்கொண்டு
நமக்கே பல்லைக் காட்டியதால்.

பதினோரு வருஷம்
மண்டபம் நண்டுக் கம்பெனி வாசலில்
என் ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்தவள்
கச்சான் அடங்கிய வாரத்தில்
தலை தூக்க மறந்துபோனாள்.
தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க
கண்ணை மட்டும் மேலே உருட்டினாள்,
கடன் கேட்க வந்தவள் மாதிரி.
ஒருநாளும் எதையும் கேட்டதில்லை அவள்.
எடுத்துக்கொள்வாள்.

மீன்பெட்டியில் துணி விரித்து
ராமநாதபுரம் பஸ்ஸில் கொண்டுபோனேன்.
உச்சிப்புளியில் ஏறிய ஒருத்தி
"கணவாயா, என்ன விலை?" என்றாள்.
மூடியைத் திறக்கவில்லை நான்.

டாக்டர் ஷிபா பர்வீன் சின்னப் பெண்.
சீலாவின் பின்கால் பாதத்தைப் பிடித்து
மேல்பக்கம் தரையில் படும்படி புரட்டி வைத்தார்.
பிறகு ஒன்றும் செய்யாமல்
கடிகாரத்தைப் பார்த்தார்.
நல்ல பூனை அந்த நொடியே திருப்பி வைக்குமாம்.
சீலா வைக்கவில்லை.
மடங்கிய பாதத்தின் மேல் நின்றபடி
தரையில் போன எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிறுநீரகம்தாம்மா.
நரம்பு வரைக்கும் வந்திருக்கு."
எனக்கு அது வலைக்கணக்கில் புரிந்தது.
கண்ணி விட்டுப்போன வலை.
நிற்கவேண்டிய மீன் நழுவுது,
பாசியும் சொறியும் தங்கிப்போகுது.
பொட்டாசியம் குறைந்துதான் தலை சாய்ந்தது,
மருந்துக்கு நிமிரும் என்றார்.
கால்?
பேனாவை மூடினார்.

இரண்டு கடலுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு
உப்புத்தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறேன்.
பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி
ஊசியை நுழைத்தால்
தோளில் மாங்காயளவு ஒரு தண்ணீர் மேடு.
நடக்க நடக்க வயிற்றுக்குச் சரியும்.
"ஒரு பூனைக்கு இம்புட்டுச் செலவா"
என்று சொல்லிக்கொண்டே கஸ்பார்
பாட்டிலை ஆணியில் மாட்டித் தருவார்.

ஆறாம் நாள் தலை நிமிர்ந்தது.
நண்டுச் சதையை முகர்ந்தாள். தின்னவில்லை.
கால் அப்படியேதான்,
குதிவரை தரையில் படிந்து, முயல் மாதிரி.
சிமெண்டில் உரசி முடி தேய்ந்த இடம்
எங்கள் முழங்கை போலிருக்கிறது.

ராத்திரிதோறும் புரட்டி வைத்து எண்ணுகிறேன்.
பதினேழு.
இருபத்திரண்டு.
ஒருநாள் ஒன்பது. அன்றைக்குப்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன்.
மறுநாள் முப்பதுவரை பொறுத்து
நானே திருப்பி வைத்தேன்.

அப்படி எண்ணி முடித்த ஒரு ராத்திரி
விளக்கு வெளிச்சம் பாயில் விழுந்தது.
கஸ்பாரின் குதிகாலில் கறுப்பாய் ஒரு புள்ளி.
விரல் வைத்தேன். கூர்.
ஓரா முள்.

ஓரா குத்தினால்
கரை சேரும்வரை கத்துகிற ஆட்களை எனக்குத் தெரியும்.
இது எத்தனை நாள் முள்ளோ, சுற்றிலும் ஈரம்.
சர்க்கரை மாத்திரையை மூன்று வருஷமாய்
"நாளைக்கு" என்கிற ஆளின் கால்.

ஊசியின் மூடியை எடுத்து
பெருவிரலை மெல்ல அழுத்தினேன்.
பிறகு கொஞ்சம் பலமாக.
எண்ணத் தொடங்கினேன்.

நாற்பத்தொன்றில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"தூக்கம் வரல எனக்கும்.
இன்னைக்கு எத்தனை?"

நாற்பத்தொன்று என்றேன்.

"பாவம்" என்று கையை நீட்டி
இருட்டில் சீலாவைத் தேடித் தடவினார்.

காலை முதல் பஸ் நாலே முக்காலுக்கு.