மீட்டவர் பெயர்

ஞாயிறு ஆராதனை முடிந்து
காணிக்கைப் பையைக் கவிழ்த்தபோது
பத்துகள், இருபதுகள், கிழிந்து ஒட்டிய ஓர் ஐம்பது,
நடுவே நாலாய் மடித்த
ஓர் அடகுச் சீட்டு.

எங்கள் கடைச் சீட்டு.
என் கையெழுத்து.
காரைக்குடி கல்லுக்கட்டியில் திங்கள் முதல் சனிவரை
தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து
நானே எழுதியது:
தோடு ஒரு ஜோடி,
கல் கழித்து இரண்டு கிராம் நூறு மில்லி,
கடன் ஒன்பதாயிரம்,
ஏலம் வரும் புதன்.

செயலாளர் யோபுராஜ் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"சபைப் பணத்துல மீட்டு வித்தா
அஞ்சாயிரம் தேறும். கழிவறைக் கதவுக்கு ஆகும்."
"யாரோ தவறிப் போட்டிருப்பாங்க" என்றார் போதகர்.
வரவா பற்றா தெரியாமல்
பேரேட்டில் 'சீட்டு ஒன்று' என்று எழுதித்
தொகைக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
யாருடையது என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

ஞானப்பூ, கழனிவாசல் பக்கம்
மாணவர் விடுதியில் சோறு வடிப்பவள்.
திங்கள் மாலை போனேன். காதில்
ஈர்க்குச்சி செருகியிருந்தாள்,
துளை தூர்ந்துவிடாமல் இருக்க.
"சீட்டு மாறி விழுந்துடுச்சா அக்கா?"
"மாறலையே. அன்னிக்குக் கையில இருந்தது அதுதான்."
"புதன்கிழமை ஏலம்."
"தெரியும். என் தோடுன்னு நெனச்சவரைக்கும்
ராத்தூக்கம் இல்ல தாயி.
ஆண்டவர் தோடுன்னு ஆக்கிட்டேன், இப்ப தூங்குறேன்.
பாத்துக்குவாரு, இல்ல விட்டுடுவாரு.
அவரு இஷ்டம்."
கஞ்சியை வடிக்கக் குனிந்தாள்.
ஆவியில் முகம் தெரியவில்லை.

தூக்கம் எனக்குப் போயிற்று.
ஆண்டவரின் தோடு
எங்கள் கடை இரும்புப் பெட்டியில்,
மூன்றாம் தட்டில், பழுப்பு உறைக்குள்.
நூற்றுக்கு ஒன்றரை வட்டி
அவர்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது.
வசூலிக்க வேண்டியவள் நான்.

கணக்கில் நான் சுத்தமானவள்.
முதலாளி சாத்தப்பன் லாபத்தில் மகமை எடுத்துக்
கோயிலுக்கு ஒதுக்கும் முன்பே
சம்பளத்தில் பத்திலொன்றை உறையிலிட்டு
எச்சில் தொட்டு ஒட்டிவிடுவேன்.
பி.எஃப். பிடித்தம் போகப் பத்திலொன்றா,
பிடிப்பதற்கு முன்பா என்று
போதகரைத் திணறடித்ததும் உண்டு.
அந்த ஒன்று ஆண்டவருடையது, தெரியும்.
மீதி ஒன்பதும் யாருடையது என்று
நானும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை,
இந்தச் செவ்வாய் இரவுவரை.

ஒன்பதில் கைவைத்தபோது
மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் நின்றது.
பொய் சொல்ல மாட்டேன்,
சந்தோஷமாய்க் கொடுக்கவில்லை.
மூன்றுமுறை எண்ணினேன்,
குறைந்தால் போகாமல் இருந்துவிடலாம் என்று.
குறையவில்லை.

புதன் காலை ஞானப்பூவைக் கூட்டிவந்தேன்.
முதலாளி வட்டியைக் கூட்டிப் பார்த்து
"சில்லறை நாப்பத்தேழ விட்டுடும்மா,
மகமையில எழுதிக்கலாம்" என்றார்.
பணம் யாருடையது என்று கேட்கவில்லை.
பதிவேட்டில் கடைசிக் கட்டம்: மீட்டவர் பெயர்.
பதினோரு வருடமாக நான் நிரப்பும் கட்டம்.
அன்றுதான் அந்த அச்செழுத்தை வாசித்தேன்.
பேனா நின்றுவிட்டது.
ஞானப்பூதான் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்,
ஞாவுக்குத் துணைக்கால் போட மறந்து.

அடுத்த ஞாயிறு.
அவள் காதில் அதே ஈர்க்குச்சி.
பை வரிசை வரிசையாய்ப் போய்ப்
பீடத்தில் ஜெபிக்கப்பட்டு
இப்போது என் மேசைமேல்.
வெளியிலிருந்து தடவிப் பார்த்தேன்.
நாணயங்களுக்கு நடுவே ஏதோ உறுத்துகிறது.
நாணயத்துக்குத் திருகாணி கிடையாது.

யோபுராஜ் பேரேட்டைத் திறந்து காத்திருக்கிறார்.
முடிச்சை அவிழ்க்காமல்
இன்னும் கொஞ்ச நேரம்
பிடித்துக்கொண்டிருக்கிறேன்.