இரண்டு டோக்கன்

மண்டபம் வடக்குக் கரையில்
ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி எங்கள் சபை.
பதினொரு குடும்பம்.
சிலுவை இல்லை, படம் இல்லை, மணியும் இல்லை.
டிசம்பரில் நட்சத்திரம் கட்டமாட்டோம்.
"அப்ப நீங்க என்ன வேதக்காரங்க?" என்று
மீன் ஏலத்தில் கேட்பார்கள்.
சங்கீதம் மட்டும் பாடுகிறவர்கள் என்பேன்.
கச்சேரியா என்பார்கள்.

வாத்தியமே கிடையாது.
சீலாஸ் அண்ணன் எழுந்து நிற்பார்,
தொண்டையைச் செருமுவார்,
சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமுகிற
சுருதியைப் பிடித்து முதல் வரியை எடுப்பார்.
கரண்ட் போன ஞாயிறுகளில்
உயரத்தில் எடுத்துவிடுவார்,
பாதியில் எங்கள் குரல் கிழியும்.
கம்ப்ரசர் வாத்தியம் ஆகாதா என்று
மூப்பர் கூட்டத்தில் ஒருமுறை கேள்வி வந்தது.
"கம்பெனி நம்முடையதல்ல" என்று
எழுதி முடித்தார்கள்.

வருஷத்துக்கு இரண்டே தடவை பந்தி.
முந்தின சனிக்கிழமை
மூப்பர் ஏனோக் பாக்கியம்
ஒவ்வொருவராய் விசாரித்து
உள்ளங்கையில் ஓர் ஈயவில்லை வைப்பார்.
டோக்கன்.
மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான்
மேசையில் இடம்.
வலைக்குண்டை உருக்கி வார்த்தது.
குண்டு கொடுத்தது என் வீட்டுக்காரர்.

எலியேசர். விசைப்படகில் கூலி.
படகுக்கும் டோக்கன் உண்டு,
மீன்துறை ஆபீசில் சீல் குத்தித் தருகிற காகிதம்.
திங்கள், புதன், சனி.
சனிக்கிழமை போன படகு
ஞாயிறு விடியாமல் எப்படித் திரும்பும்?

கடலிலிருந்து திரும்புவது அவசியக் கிரியை,
படகைக் கட்டுவதும் அப்படியே,
இறாலை நிறுப்பது வியாபாரம்
என்று தீர்ப்பு.
நிறுக்காத இறால் பத்து மணி வெயிலில் என்ன ஆகும்
என்பது மூப்பர்களுக்கும் தெரியும்.
மூன்று பேரில் இரண்டு பேர்
கடலில் கிடந்தவர்கள்தான்.

போன அக்டோபர் பந்தி.
வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசை.
வில்லையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்,
பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு.
சீலாஸ் அண்ணன் வரி சொல்ல, நாங்கள் வாங்கிப் பாட,
ஜன்னலுக்கு வெளியே அடிக்குரல் ஒன்று
அரை மூச்சு பின்னால் வந்தது.
கைலியோடு, செதிள் ஒட்டிய முழங்கையோடு,
மதிலோரம் நின்று பாடிக்கொண்டிருந்தார்.
கடலில் தொழில் செய்கிறவர்களைப் பற்றிய
சங்கீதம் அது.
உள்ளே பாடியவர்களில்
அன்றைக்குக் கடல் நனைத்தவர் ஒருவருமில்லை.

ஏனோக் பாக்கியம் எழுந்தார்.
பெஞ்சு ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத்
தூக்கிக்கொண்டு வெளியே போனார்.
நிழல் பார்த்துப் போட்டார்.
துண்டால் துடைத்தார்.
ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து
அப்பத்தட்டை எடுத்தார்.
தட்டு வெளியே போகவில்லை.

அப்பத்துக்குப் பதில் நாற்காலியா என்று
ஆறு மாதமாய்க் கோபம் எனக்கு.
வீட்டுக்காரர் சொல்வது வேறு.
"ராத்திரி பூரா நின்ன காலுடி.
உக்காருன்னு சொன்னது அவரு ஒருத்தர்தான்."

கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது.
எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.
எழுதினேன்.
ஏப்ரல் பதினைந்து தொட்டு அறுபத்தொரு நாள்
அரசாங்கம் யாருக்கும் டோக்கன் தராது,
படகெல்லாம் கரையில் கிடக்கும்,
அதில் ஒரு ஞாயிறைப் பந்திக்குக் குறியுங்கள்.
கடைசியில் என் பேர், ராக்கேல்,
பென்சிலில் எழுதி, பிறகு பேனாவால் அதன் மேல்.

இரண்டு கூட்டம் கூடிக் கலைந்துவிட்டது.
தடைக்காலம் பார்த்துப் பந்தி வைத்தால்
பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி ஆகிவிடுமே
என்று இழுபடுகிறதாம்,
சீலாஸ் அண்ணன் சம்சாரம் சொன்னாள்.

நேற்று சாயங்காலம்
ஏனோக் பாக்கியம் வாசலில் வந்து நின்றார்.
தேதி பற்றிப் பேசவில்லை.
வில்லை சிலது தேய்ந்துபோச்சு,
வலைக்குண்டு இருக்குமா என்றார்.
எத்தனைக்கு வேண்டும் என்றேன்.

ஒன்றிரண்டுக்கு என்றார்,
கரையேறிக் கிடக்கிற படகுகளைப் பார்த்தபடி.