ஒற்றைக் காலுறை

புந்தா அரேனாஸில்
காற்றோடு மல்லுக்கட்டித்தான் கதவைத் திறக்க வேண்டும்.
கருவிப்பெட்டியை முழங்காலால் தள்ளிக்கொண்டு
உள்ளே நுழைந்தேன்.
ஜூலை மாதம், ஐந்தரைக்கே இருட்டு.

ஒவிதியோ நண்டு வாடையோடு நின்றிருந்தான்.
இரவெல்லாம் பனிக்கட்டிமேல் ஓடு உடைக்கிற வேலை.
"வெந்நீர் வேணும் நெல்தா, இன்னிக்கே"
என்று விரல்களை நீட்டினான்.
யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன.

குளியலறைச் சுவரில்
பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான்.
இங்கே மாட்டக்கூடாது என்றேன்.
"குழாய் மிச்சமாகுமே."
நீயும் மிஞ்ச வேண்டாமா
என்று நாக்கு நுனிவரை வந்தது.

சமையலறையில் மாட்டினேன்.
புகைக்கு மேலே ஏற மட்டுந்தான் தெரியும்.
நாலு திருப்பம் வைத்தால் களைத்துப்போய்
வீட்டிலேயே உட்கார்ந்துவிடும்.
ஒரே ஒரு வளைவு. பிறகு நேரே கூரை.
நீரிணைக் காற்று திருப்பி ஊதாதிருக்க
உச்சியில் ஒரு தகரத் தொப்பி.
அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்,
காற்று எங்கள் இருவரையும்.

சோப்பு நுரையைக் குழைத்து
மூட்டு மூட்டாகத் தடவினேன்.
மூன்றாவதில்
கடலை அளவு ஒரு குமிழ்
அவசரமில்லாமல் வளர்ந்தது.
அரைச் சுற்று முறுக்கு.
மறுபடி நுரை.
குமிழ் இருப்பதைப் பார்க்கக் கண் போதும்,
இல்லையென்று பார்க்கத்தான்
நேரம் பிடிக்கிறது.

பற்றவைத்தேன்.
நீலம்.
அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
குளிக்கப் புறப்பட்டேவிட்டான்.

கதவு ஜன்னலெல்லாம் சாத்து, பத்து நிமிஷம் பொறு என்றேன்.
ரசீதில் ஒரு கீற்றுக் கிழித்து
புகைவாயருகே பிடித்தேன்.
அது உள்ளே இழுபட வேண்டும்.
என்னை நோக்கிச் சாய்ந்தது.
சுடரின் நுனியில்
பழுத்த இலைபோல் மஞ்சள்.

அணைத்தேன்.

தேடினேன். அடுப்புக்குப் பின்னால்
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்
சுவரின் காற்றுத் துளை.
அதற்குள்
உருட்டித் திணித்த கம்பளிக் காலுறை,
சிவப்புக் கோடு போட்டது.

"குளிருது" என்றான்.
நியாயந்தான்.
"கசிஞ்சா நாறாதா? மூக்கு இருக்கே."

மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான்
கேஸில் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள்.
எரிந்த பிறகு வருகிற நஞ்சில்
யாரும் எதையும் கலப்பதில்லை.
அது தூக்கம்போல வரும்.
இரவு வேலை முடித்து வந்தவன்
தூக்கத்தையா சந்தேகப்படுவான்?

இதில் பாதியைத்தான் சொன்னேன்.
மீதியை
சுடரில்லாத பெட்டியைப் பார்த்து
அவனே சொல்லிக்கொண்டிருக்கலாம்.
கெட்டில் கொதித்து அடங்கியது.
தேநீர் ஊற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு குனிந்து
அவனே இழுத்தெடுத்தான்.
துளை ஒரு சீட்டியடித்தது,
கணுக்காலில் கத்திபோல் குளிர்.

மறுபடி தீ. மறுபடி பத்து நிமிஷம்.
காகிதக் கீற்று
அழைத்த இடத்துக்குப் போவதுபோல்
உள்ளே வளைந்தது.
நுனிவரை நீலம்.
குமிழியைத் திருகி நாற்பத்தைந்தில் நிறுத்தினேன்.
மரத்த விரலுக்குச் சூடு தெரியாது,
வெந்த பிறகுதான் தெரியும்.

குழாயடியில் கையை வைத்தவன்
எடுக்கவேயில்லை.
நண்டு வாடை ஆவியாய் எழுந்து
ஜன்னலில் வேர்த்தது.
அவன் தோள்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

ரசீதின் கீழே எழுதினேன்:
'சுவர்த் துளையை அடைக்கக்கூடாது.'
ஈரக் கையால் ஒப்பமிட்டான்.
'கூடாது' மட்டும் கரைந்து
நீலமாய்ப் பரவியது.

கேட்காமலே காலுறையை
என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
கெட்டிக்காரி என்று
என்னையே மெச்சிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டாவது சிக்னலில்
சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கும்போதுதான் தோன்றியது.
காலுறைகள்
ஜோடியாக அல்லவா விற்கிறார்கள்.