ஆவின் கார்டு

ஓராண்டு தொடாத பொருளை
வீட்டைவிட்டு அனுப்பிவிடு என்கிறது
அடையாறு நூலகத்தில் எடுத்துவந்த புத்தகம்.

பரணில் ஏறினேன்.
மூடி தொலைந்த டிபன் பாக்ஸ்கள்,
வெள்ளம் வந்த வருஷத்து மெழுகுவத்திகள்,
மஞ்சளோடு நின்றுபோன
இவருடைய கராத்தே பெல்ட்.
மூன்று மூட்டை கட்டியாயிற்று.

நான்காவதற்கு சம்யுக்தாவின் மேஜை.
கெமிஸ்ட்ரி கைடுக்கு அடியில் ஒரு நாவல்.
பதினாறு வயசுப் பெண்
மழையில் எங்கோ கிளம்புகிறாள்,
வீட்டில் பொய் சொல்லிவிட்டு.

நின்றபடி படித்தேன்.
அப்புறம் ஏணியின் இரண்டாம் படியில்
உட்கார்ந்து.
குக்கர் எத்தனை விசில் விட்டதோ,
பருப்பு கரைந்து ரசமாகிவிட்டது.

கதையில் அந்த அம்மா
கதவை மறித்து நிற்கிறாள்.
"எங்கேடி போற?"
சொல்லிடாதே, சொல்லிடாதே என்று
என் வாய் முணுமுணுத்தது.
நான் யார் பக்கம் என்பது
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கைக்கு அகப்பட்டதை
அடையாளமாகச் செருகிவிட்டு
கைடை மேலே வைத்தேன்,
இருந்த மாதிரியே கோணலாக.

மறுநாள் காலை
மூட்டைகளைத் தாண்டித் தாண்டி
ஆவின் கார்டைத் தேடுகிறார் இவர்.
"நீ பார்த்தியா?"

"இல்லையே."

சம்யுக்தா
தோசையிலிருந்து தலை நிமிரவில்லை.
சட்னியை மட்டும்
என் பக்கம் நகர்த்தினாள்.