எச்சில்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில்
டாக்டர் மோத்தாவின் பல் ஆஸ்பத்திரி.
காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே
பழுப்பேறிய ஓர் எண்ணெய் ஓவியம்.
கழுத்தில் நகையில்லாத இளம்பெண்,
இடது கையில் குருத்தோலை,
வலது கையில் இடுக்கி,
இடுக்கியின் நுனியில் ஒரு கடைவாய்ப் பல்.

அர்ச்சிஷ்ட அப்பொலோனியாள், என்பார் டாக்டர்.
ஸ்பெயின் தேசத்து வேலை.
ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் பீரோ எடுக்கப் போனபோது
அதன் பின்னால் சாத்தி வைத்திருந்ததாம்.
பீரோ செல்லரித்து எப்போதோ போய்விட்டது.

காசிமேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு
அவள் இடுக்கி மாதா.
"இன்னாம்மா இது, நம்மள்து புடுங்கறதுக்கு முன்னாலயே
புடுங்குனத காட்டிக்கினு நிக்குது"
என்பாள் சங்கரா மீன் விற்கும் தேசம்மா,
வீங்கிய தாடையை முந்தானையில் தாங்கியபடி.
உள்ளே கூப்பிட்டதும்
சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டுக்
கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.
அந்த இடத்தில் மட்டும் தங்கப் பூச்சு போய்
மரம் தெரியும்.

பதினோரு வருஷமாக நான் இங்கே
பஞ்சு உருட்டுகிறேன்,
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறேன்.
பெயர்கள் மறந்துவிடும். வாய்கள் மறப்பதில்லை.
அந்தப் பல்லுக்கு மூன்று வேர்.
மூன்று வேர் என்றால் மேல்தாடை.
வரைந்தவன் பிடுங்கிய பல் ஒன்றைத்
திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான்,
அவனுடையதாகவே இருக்கலாம்.

போன ஆடியில் எழும்பூரிலிருந்து
தாட்சாயணி என்றொரு பெண் வந்தாள்,
பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவள்.
ஆணியிலிருந்து கழற்றிக் குப்புற வைத்தாள்.
பல்லி முட்டை இரண்டு.
துணியின் முதுகில் மங்கிய மையில் ஒரு வரி.
போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள்:
தோன்யா பெர்னார்தாவின் பக்தியினால்.
வருஷம் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

பக்தியினால் என்றால்?
"நேர்த்திக்கடன் மாதிரி" என்றாள்.
அப்படியானால் ஒரு பல்வலிக்காரி.
இராத்திரி முழுக்கக் கிராம்பைக் கடித்துக்கொண்டு,
விடியட்டும், உனக்குப் படம் வைக்கிறேன் தாயே என்று
எனக்குத் தெரியாத பாஷையில் அழுதிருக்கிறாள்.
பாஷைதான் தெரியாது.
அந்த அழுகையை
நான் தினமும் பத்தரை மணிக்குக் கேட்கிறேன்.

"கொஞ்சம் பஞ்சு தருவீங்களா?"
என் டப்பாவிலிருந்து கொடுத்தேன்.
குச்சியில் சுற்றினாள்,
நாக்கில் வைத்து ஈரமாக்கினாள்,
மாதாவின் கையில் மெல்ல உருட்டினாள்.
எச்சிலா! சாமி படத்திலா!
"மருந்தைவிட இதுதாங்க பதமா எடுக்கும்"
தலை நிமிராமல் சொன்னாள்.
பதினோரு வருஷமாக நான் உறிஞ்சிக்
கால்வாயில் விட்டது
அவளிடம் வேலை செய்துகொண்டிருந்தது.

பஞ்சில் டிகாக்‌ஷன் நிறத்தில் அழுக்கு ஏறியது.
முதலில் பல் வெளுத்தது,
பிறகு கட்டைவிரல் நகம்,
பிறகு கீழுதடு.
உதட்டோரம் வந்ததும் நிறுத்தினாள்.
பையிலிருந்து சின்ன ஊதா விளக்கை எடுத்தாள்.
நாங்கள் பல் அடைக்க வைத்திருப்பது போலத்தான்.
அந்த வெளிச்சத்தில் வாயைச் சுற்றி
ஒரு கறுத்த திட்டு.

பிற்காலத்தில் யாரோ
தோல் நிறத்தைப் பூசி மூடியிருக்கிறார்கள்.
"அடியில ரத்தமா இருக்கலாம் டாக்டர்.
இவங்க பல்லையெல்லாம் உடைச்சாங்க இல்லையா.
எடுத்துப் பாக்கட்டுமா?"

டாக்டர் மோத்தா படத்தைப் பார்க்கவில்லை.
பெஞ்சைப் பார்த்தார்.
ஏழு பேர்.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன்,
கால் தரைக்கு எட்டாமல் ஆட்டிக்கொண்டு.
"வேண்டாம்மா" என்றார். "அடுத்தது யாரு?"

நகத்தளவு வெளுப்போடு படம் மறுபடியும் ஆணியில்.
"மாதா பல்லு வெளக்கிக்கிச்சா?" என்று
தேசம்மா மட்டும் கேட்டாள்.
நான் சிரித்தேன்.

ஆனால் மூடிய வாயோடு
ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.
சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன்,
யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு,
அவளுக்கு நேரே நின்று
தினமும் ஒருமுறை சொல்கிறேன்:
ஆ காட்டும்மா.