நாற்பத்து மூன்று படி

கிடங்குக்குப் பின்னால்
பழைய பீப்பாயில் தீ மூட்டினோம்.
இடுக்கியில் கேபிள் துண்டுகள், முழத்துக்கு ஒன்று.
கொள்முதல் பிரிவு ஓத்தார்
கோட்டுப் பொத்தானை அவிழ்க்காமல்
விலைப்பட்டியலால் விசிறிக்கொண்டு நின்றார்.

முதலில் பி.வி.சி.
மலிவு. நாலு மூச்சில் மூக்குபோல் ஒழுகியது,
கறுத்தது, புகைந்தது.
அந்தப் புகையை எனக்குத் தெரியும்.
போன மார்ச்சில் இரண்டாம் உலைக்கூடத்தில்
தீ அங்கேயே இருந்தது,
புகைதான் ஆள் தேடி வந்தது.
விளக்குகள் போயின.
கதவைத் தேடி நோதார் தடவிய கை
சுவரில் அச்சாய் இருக்கிறது.
வெள்ளையடிக்க யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

அடுத்தது சிலிக்கோன்.
எரிந்த பிறகும் வெண்சாம்பலாய்
செம்பைக் கட்டிக்கொண்டு நின்றது.
நகம் பட்டால் மட்டும் கிழியும்.
எங்கள் கூடத்தில் நகமா படும்?
இரும்புச் சீவல். மாங்கனீசுத் தூள். ஸ்வியாதின் பூட்ஸ்.

பிறகு கனிமக் கேபிள்,
செப்புக்குழாய்க்குள் வெள்ளை மாவு இறுக்கியது.
எரிவதற்கு அதனிடம் எதுவுமே இல்லை.
ஆனால் முனை திறந்திருந்தால்
க்விரிலா ஆற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்.
வெட்டியதும் வாயை அடைக்க வேண்டும்.
அதற்கு கிரேனோடு ஓடவும் தெரியாது,
இரண்டு நாள் ஆட்டினால் முறியும்.

"மீட்டர் என்ன விலை, நாஸிப்ரோலா?"
பதில் சொல்லாமல் கடிகாரத்தோடு
கிரேனுக்கு அடியில் போய் நின்று
லம்ஸீராவை இறங்கச் சொன்னேன்.

வயது ஐம்பத்தெட்டு. வலது முழங்கால் வீக்கம்.
பதினேழாம் படியில் நின்று
கையுறையால் மூக்கைத் துடைத்தாள்.
முப்பதில், மிங்ரேலியப் பேச்சில்,
என் ஏழு தலைமுறையையும் இழுத்தாள்.
நாற்பத்து மூன்றாம் படி, தரை:
நாலு நிமிடம் பத்து நொடி.
அதுவும் பகலில், புகையில்லாமல்,
யாரும் கத்தாதபோது.

அதை இரட்டித்தேன்.
பிறகு என் கணக்கையே நம்பாமல்
மும்மடங்காக்கினேன்.
அவ்வளவு நேரம்
தீக்குள் ஒரு விளக்கு எரிய வேண்டும்.
அவ்வளவுதான் கேள்வி.

இரவில் படிவம் நிரப்பினேன்.
ஏணி விளக்குக்கும் அபாய மணிக்கும் கனிமக் கேபிள்.
கிரேனோடு அசையும் இடத்தில்
நிக்கல் பூசிய செம்பு, மைக்கா நாடா, சிலிக்கோன்,
அதற்கு மேல் எஃகுப் பின்னல்.
ஓத்தாரின் அறைக்கு
புகை கக்காத ரகம்.
அவர் ஜன்னல் உலைப் பக்கம் திறப்பது
அவருக்கே மறந்திருக்கிறது.

காரணம் என்ற கட்டத்தில்
'லம்ஸீராவின் முழங்கால்' என்று எழுதினேன்.
காலையில் ஓத்தார் அதை அடித்து
'தரநிலைப்படி' என்று திருத்தினார்.
விலையைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார்.
நோதாரின் சம்பளப் பாக்கித் தாள்
அதே கோப்பில், அடுத்த பக்கத்தில் இருந்தது.
கையெழுத்திட்டார்.

மே மாதம் சுருள்கள் வந்தன.
முதல் முனையை வெட்டி அடைக்கையில்
விரல் சுட்டுக்கொண்டேன்.
மேலே கூண்டிலிருந்து லம்ஸீரா
இன்னும் ஒரு தலைமுறையை இழுத்தாள்.